ஆணியில்லாத செருப்பும் ஐந்து குண்டும்

டொராண்டோவில் ஆறு வாரம் இருந்தேன். அதில் இரண்டு சனிக்கிழமைகள் ஒரு தகர டப்பாவின் மூடியை மூடுவதுதான் என் வேலை. இதற்கு ஒருவனை சிவகாசியிலிருந்து வரவழைக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வரவழைத்தது வேறு வேலைக்கு. எங்கள் அச்சகம் வாங்கிய ஆப்செட் இயந்திரத்தை ஓட்டவும், கழற்றிப் பூட்டவும் கற்றுக்கொண்டு வா என்று முதலாளி அனுப்பினார். விமானம், விசா, கஸ்டம்ஸ் கதைகளை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் நேரே சென் ஜேம்ஸ் ரவுன் என்கிற பேட்டைக்கு வந்துவிடுகிறேன்.

நகரத்து நடுவில் நெருக்கி நெருக்கி நட்டு வைத்த அடுக்குமாடிகள். அதில் ஒன்றின் பதினேழாவது மாடியில் பாலா அண்ணன் வீடு. சிவபாலன் என்று முழுப் பெயர். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் பயிற்சிக்குப் போன தொழிற்சாலையில் படம் வரைகிற வேலை. தமிழ் ஆள் ஒருவன் வருகிறான் என்று தெரிந்ததும் தானாகவே அங்கே பேசி, என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"ஐசே, சமைக்கத் தெரியுமோ உமக்கு?" என்பதுதான் முதல் கேள்வி.

"சோறு வடிப்பேன் அண்ணே."

"அது காணும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

அன்றைக்கு டின் மீனில் குழம்பு வைத்தார். உலர்ந்த தேங்காய்த் துருவலை வெந்நீரில் ஊறப்போட்டுச் சம்பல் இடித்தார். கறிவேப்பிலை இல்லை. பாண் என்று அவர் சொன்ன ரொட்டியைப் பிய்த்து அதில் தொட்டுத் தின்றபோது, விமானத்தில் இரண்டு நாளாகச் செத்துக் கிடந்த நாக்கு எழுந்து உட்கார்ந்தது. நான் பெட்டியைத் திறந்து சாத்தூர் சேவு பாக்கெட் ஒன்றை நீட்டினேன். ஒரு பிடி அள்ளிப் போட்டவர் கண்ணில் நீர் முட்ட, "உதென்னப்பா, கண்ணாடித் தூளோ?" என்று கேட்டுவிட்டு அடுத்த பிடியை அள்ளினார்.

மறுநாள் அண்ணன் விடியுமுன்னே போய்விட்டதால், வேலைக்குத் தனியாகப் போக வேண்டியதாயிற்று. தொழிற்சாலை மேற்கே, ட்ராமில் போக வேண்டும். கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், வண்டி நிற்கும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். இழுத்தேன். மணி அடித்தது. வண்டி நின்றது. கதவு மட்டும் திறக்கவில்லை. கண்டக்டர் வந்து திறப்பார் என்று மரியாதையாக நின்றேன். வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்திலும் இதே கதை. இப்படியே பார்க்டேல் பேட்டை முழுவதையும் ஜன்னல் வழியாகப் பார்த்து முடித்தேன். கடைசியில் காய்கறிப் பையோடு நின்ற ஒரு கிழவி, என் சட்டையைப் பிடித்து ஒரு படி கீழே இறக்கினார். என் கால் படியில் பட்டதும் கதவு தானாகத் திறந்தது. "மிதிக்கணும் கண்ணு, மிதிக்கணும்" என்கிற மாதிரி ஏதோ ஒரு பாஷையில் சொன்னார். அது ஆங்கிலம் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களின் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் மார்கரெட். முப்பத்தைந்து வயதிருக்கும். நெட்டையான ஆள், ஆண்கள் போடுகிற பூட்ஸ், சட்டைப் பையில் எப்போதும் சிகரெட். எந்தத் திருகாணி எந்த அறையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் உருளைகளைக் கழற்றும்போது பாகத்தின் பெயரை மறந்தால் முறைக்கமாட்டார். காகிதத்தில் படம் போடச் சொல்வார். பதினைந்து நாளில் நான் வேலை கற்றதில் பாதி அவர் கிடங்கில்தான்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பாலா அண்ணன் என்னைக் காட்டி, "இவருடைய ஊரே வெடிமருந்து ஊர்" என்று சொல்லிவிட்டார். மார்கரெட் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.

"கருமருந்தா? உண்மையான கருமருந்தா?"

அவருக்கு ஒரு கிறுக்கு. பழைய காலத்து ரிவால்வர். இப்போது போலத் தோட்டாவைத் திணித்துச் சுடுவதில்லை. சுழலும் உருளையில் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் கருமருந்தைக் கொட்டி, ஈய உருண்டையை இறுக்கி, பின்பக்கம் ஒரு சின்னச் செம்புத் தொப்பியை மாட்டிச் சுட வேண்டும். தொப்பி என்றால் நம் தீபாவளிப் பொட்டு வெடிதான், செம்பில் பொதிந்தது. பழைய மாதிரியில் புதிதாகச் செய்து விற்கிற ரிவால்வரை உரிமத்தோடு வாங்கி, பிக்கரிங் என்கிற ஊரைத் தாண்டி ஒரு கிளப்பில் சனிக்கிழமைதோறும் பத்துப் பேர் சுடுகிறார்கள். சுடும் மைதானத்துக்கு மார்கரெட்தான் பொறுப்பு. பாலா அண்ணனும் இரண்டு மாதமாகப் போகிறார்.

"சனிக்கிழமை வா. உனக்கு நாங்கள் சொல்லித்தர ஒன்றுமே இருக்காது" என்றார் மார்கரெட்.

நான் சிரித்து மழுப்பினேன். எனக்குத் தெரிந்ததை அந்த மேசையில் எப்படிச் சொல்வது?

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தார், இன்றும் பார்க்கிறார். என் அண்ணன் முத்துவும் அங்கேதான் இருந்தான். எனக்குப் பதினாறு வயதில், மருந்து அறையில் தீப்பிடித்தது. முத்து உயிரோடு வந்தான். இடது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை சுருங்கிப் போனது. நான் பாலிடெக்னிக்குக்குப் பெட்டியோடு கிளம்பிய காலையில் அம்மா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, "மருந்து தொட மாட்டேன்னு சொல்லு" என்றார். சொன்னேன். அன்றிலிருந்து கம்பி மத்தாப்புகூட நான் பிடித்ததில்லை. எங்கள் ஊர்த் தீபாவளிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் ஒரே இளைஞன் நான்தான். வெடிச் சத்தத்துக்குத் தோள் தூக்கிப் போடும் என்பதும் உண்மை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

இரவு பாலா அண்ணனிடம் மட்டும் சத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. "பாக்கிறதுக்குச் சத்தியம் பண்ணேல்லைத்தானே? வந்து பாரும். உமக்கு ஒருத்தரும் துவக்கைக் கையில தர மாட்டினம்" என்றார்.

நான்காவது வாரச் சனிக்கிழமை போனோம். பாலா அண்ணனின் கார், ஏறும்போது ஒரு சத்தமும் இறங்கும்போது ஒரு சத்தமும் போடுகிற கார். பிக்கரிங் வரை புது வீடுகள், அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக. அதற்கப்புறம் வயல், சோளத்தட்டை, சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள். மைதானம் என்பது ஒரு மண் மேடு, அதற்கு முன்னால் காகிதக் குறிகள், இந்தப் பக்கம் சிமெண்ட் தளம், அதில் நீளமாக மர மேசை. மேசையில் கருமருந்து டப்பா திறந்திருந்தது. டப்பாவிலிருந்து நாலு முழத்தில் ஹெரால்ட் என்றொரு தடித்த மனிதர் அணைந்த சுருட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. சிமெண்ட் விளிம்பில் நின்று, ஷூவைக் கழற்றினேன். காலுறையையும் கழற்றினேன். வெறுங்காலோடு மேசைக்குப் போய் டப்பாவை மூடினேன்.

"சுடுவதை நிறுத்து!" என்று மார்கரெட் கத்தினார். வரிசையில் எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். பத்துப் பேரும் என் காலைப் பார்த்தார்கள். முந்தின இரவு உறைபனி. சிமெண்ட் ஐஸ் மாதிரி இருந்தது.

"ஐசே, என்ன செய்யிறீர்? கோயில் எண்டு நினைச்சிட்டீரோ?" என்று பாலா அண்ணன் பல்லைக் கடித்தார். ஹெரால்ட், "உங்கள் நண்பர் குளிக்கப் போகிறாரா?" என்று கேட்க, ஒரே சிரிப்பு.

மார்கரெட் சிரிக்கவில்லை. "உன் காலுக்கு என்ன ஆயிற்று?" என்றார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் ஊரில் மருந்து இருக்கும் இடத்துக்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். செருப்பில் ஆணி இருக்கும். ஆணி கல்லில் உரசினால் பொறி வரும். கீழே சிந்தின மருந்துக்கு ஒரு பொறி போதும். முதலாளி வந்தாலும் வாசலில் கழற்றித்தான் ஆக வேண்டும். இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் என் பல் தந்தியடிக்க ஆரம்பித்திருந்தது.

மார்கரெட் ஒரு காலைத் தூக்கித் தன் பூட்ஸின் அடியைத் திருப்பிப் பார்த்தார். குதிகாலில் லாடம் போல இரும்பு. சிமெண்டைப் பார்த்தார். அங்கே மிளகுத்தூள் சிந்தின மாதிரி கறுப்பு. பிறகு ஹெரால்டின் வாயைப் பார்த்தார். ஹெரால்ட் மெதுவாகச் சுருட்டை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"எத்தனை வருடமாக இதை நாம் செய்கிறோம்?" என்று மார்கரெட் பொதுவாகக் கேட்டார். துடைப்பம் வந்தது. மேசையைச் சிமெண்டிலிருந்து புல்தரைக்குத் தூக்கிப் போட்டார்கள். "இன்று முதல் மூடிக்கு நீதான் பொறுப்பு. நீ திறந்தால்தான் திறப்பு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கீழே போட்டுக்கொள்ள ஒரு சாக்கைத் தந்தார். நான் கம்பளிக் காலுறையை மட்டும் மாட்டிக்கொண்டு சாக்கின் மேல் நின்றேன். ஒருவர் மருந்து அளக்க வரும்போது திறப்பேன், அளந்ததும் மூடுவேன். மருந்தைத் தொடவில்லை, மூடியைத்தான் தொட்டேன் என்று மனசுக்குள் அம்மாவுக்கு அறிக்கை கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் தோள் தூக்கிப் போட்டது. குளிர் என்று நினைத்திருப்பார்கள்.

அன்று ஹெரால்ட் வெல்லப்பாகில் வேகவைத்த மொச்சை மாதிரி ஒன்றைப் பெரிய சட்டியில் கொண்டுவந்திருந்தார். முதல் தட்டு எனக்கு. பன்றிக்கறித் துண்டுகளை ஒதுக்கி வைத்ததைப் பார்த்து, அடுத்த வாரம் கறி இல்லாமல் தனியாக ஒரு சின்னச் சட்டி கொண்டுவந்தார்.

எனக்கு ஒரு கோபமும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. எங்கள் தெருவில் வயிற்றுக்காகத் தொடுவதை, இவர்கள் சனிக்கிழமைப் பொழுது போகத் தொடுகிறார்களே என்று. ஆனால் துப்பாக்கியில் கை வைக்கும் முன் ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்து, அவர் தயாரா என்று கேட்டுக்கொள்வதையும் பார்த்தேன். அந்த ஆலையிலும் அப்படி ஒருவர் என் அண்ணன் முத்துவைக் கேட்டிருந்தால் என்று நினைத்தேன். கோபம் நிலைக்கவில்லை.

ஐந்தாவது வாரம் பாலா அண்ணனின் கார் பிக்கரிங் தாண்டுமுன் உயிரை விட்டது. என்ஜின் மூடியைத் திறந்தால் ஒரே ஆவி. "உது சாகேல்லை, நித்திரை" என்று நம்பிக்கையோடு அரைமணி நேரம் காத்திருந்தார். பின்னால் வந்த மார்கரெட்டின் பிக்கப் வண்டி எங்களை அள்ளிப்போட்டுக்கொண்டது. முன்சீட்டில் மூன்று பேர். பனியில் நனையக் கூடாது என்று அவர் முன்சீட்டில் வைத்திருந்த மருந்து டப்பா, இடமில்லாததால் என் மடிக்கு வந்தது. நன்றாக மூடி, துணியில் சுற்றித்தான் இருந்தது. இருந்தாலும் என் முகத்தைப் பார்த்தார் மார்கரெட். சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து, கண்ணாடியை இறக்கி, பின்னால் சாமான் போடுகிற திறந்த தட்டில் எறிந்தார். ஹீட்டரையும் அணைத்தார். மைதானம் வரை மூன்று பேரும் குளிரில் நடுங்கிக்கொண்டே போனோம்.

"ஐசே, உம்மாலை நான் விறைச்சுச் சாகப் போறன்" என்றார் பாலா அண்ணன்.

"வெந்து சாவதைவிடத் தேவலை அண்ணே" என்றேன். மார்கரெட் என்னவென்று கேட்க, மொழிபெயர்த்தோம். அவர் அடித்த சிரிப்பில் வண்டி ஒருமுறை ஒதுங்கி வந்தது. அன்று அவருக்குச் சேவு கொடுத்தேன். இருமி, தண்ணீர் குடித்து, "இதைத்தான் உருளையில் போட வேண்டும்" என்றார்.

ஆறாவது வாரம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம். சனிக்கிழமை மைதானத்துக்குப் போனால், மேசையைச் சுற்றிப் புல்தரையில் கறுப்பு ரப்பர் விரிப்பு. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட இயந்திர விரிப்பு அது. நான்தான் அந்த வாரம் அதைச் சுருட்டிக் கிடங்கில் வைத்தவன். மார்கரெட் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே பூட்ஸுக்குள் போடுகிற கம்பளி உறைகளை வெட்டி, அடியில் தடித்த கம்பளித் துணி வைத்துக் கையால் தைத்த ஒரு ஜோடி செருப்பு. தையல் கோணல்மாணல். கிடங்கில் திருகாணி எண்ணுகிற கை அது, ஊசி பிடிக்கிற கை அல்ல.

"ஆணி இல்லை. பார்" என்று திருப்பிக் காட்டினார். பிறகு குனிந்து தன் பூட்ஸைக் கழற்றினார். அவரும் அதே மாதிரி ஒன்று தைத்துப் போட்டிருந்தார்.

"நீ சுட வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டோம். பாலா எனக்கு எல்லாம் சொன்னான். நீ போன பிறகும் இங்கே இப்படித்தான் நிற்போம் என்று உன் அம்மாவிடம் சொல். அவ்வளவுதான்."

நான் பாலா அண்ணனைப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது எனக்கு வந்த யோசனை சரியா தவறா என்று இன்றும் தெரியவில்லை. நான் தொடக் கூடாது என்று அம்மா கேட்டது மருந்து பொல்லாதது என்பதற்காக மட்டும் இல்லை. அதைச் சுற்றி நிற்கிறவர்கள் அலட்சியமாக இருப்பார்கள், நம் பிள்ளை எரிந்தாலும் அவர்களுக்கு ஒன்றும் போகாது என்பதற்காக. இங்கே ஒரு பொம்பளை எனக்காக ஊசி பிடித்திருக்கிறார். செருப்பைப் போட்டுக்கொண்டு, "நான் சுடுகிறேன்" என்றேன்.

மார்கரெட் அவசரப்படவில்லை. எனக்குக் கண்ணாடி மாட்டினார், என் காதில் பஞ்சு வைத்தார். ஒவ்வொன்றையும் அவர் ஒருமுறை செய்து காட்ட, நான் ஒருமுறை. சின்னக் குழலில் அளந்த மருந்து. அதன் மேல் ஈய உருண்டை, அறையைவிட மயிரிழை பெரியது. துப்பாக்கிக் குழாயின் அடியில் இருக்கும் நெம்புகோலை அழுத்தினால், நகம் வெட்டின மாதிரி ஒரு மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. அதன் மேல் சமையல் கொழுப்பைப் பூச வேண்டும். பூசாவிட்டால், ஓர் அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவலாம். ஆறு அறையில் ஐந்துதான் நிரப்பினோம். தொப்பியை அடிக்கிற சுத்தியல் விழும் அறை காலியாக இருக்கட்டும் என்றார். கடைசியில்தான் செம்புத் தொப்பிகள், அதுவும் குறியைப் பார்த்து நின்ற பிறகு.

"டப்பா?" என்றார் மார்கரெட்.

திரும்பிப் பார்த்தேன். ஹெரால்ட் சாக்கின் மேல் காலுறையோடு நின்று, மூடியைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

முதல் குண்டுக்குக் கண்ணை மூடிவிட்டேன். அது எங்கே போனதென்று அந்த மண் மேட்டுக்குத்தான் தெரியும். ஆனால் நான் பயந்திருந்த மாதிரி இல்லை. அறைகிற சத்தம் இல்லை. தடித்த, மெதுவான ஒரு தள்ளல். பிறகு வெள்ளைப் புகை, குறியே தெரியாத அளவுக்கு. அந்தப் புகைக்குள் ஒரு வாடை. நான் பிறந்ததிலிருந்து அம்மாவின் சேலையில் இருக்கிற வாடை. புகை விலகும்வரை அப்படியே நின்றேன். "இருக்கிறதா, போய்விட்டதா?" என்று மார்கரெட் கேட்டது என் கையையா மனசையா என்று தெரியவில்லை. "இருக்கிறது" என்றேன்.

இரண்டாவதும் மூன்றாவதும் மண்ணுக்கு. நான்காவது காகிதத்தின் மூலையைக் கிழித்தது. "மூலையிலை ஆரையோ சுட்டுப்போட்டான்!" என்று பாலா அண்ணன் கத்தினார். ஐந்தாவது, நடுவில் இல்லை, ஆனால் வட்டத்துக்குள். தோள் தூக்கிப் போடவில்லை.

சுட்டது பத்து நிமிஷம். கழுவியது ஒரு மணி நேரம். இந்தத் துப்பாக்கியை அன்றைக்கே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவாவிட்டால் துரு தின்றுவிடும். கொட்டகையில் ஒரு வாளியைச் சுற்றி நானும் மார்கரெட்டும் உட்கார்ந்து, குச்சியில் துணி சுற்றித் தேய்த்தோம். அழுகின முட்டை நாற்றம். மை அள்ளின மாதிரி இரண்டு பேர் கையும் கறுப்பு. அவர் நன்றி சொன்னார். நானும் சொன்னேன். எதற்கு என்று இரண்டு பேரும் பிரித்துச் சொல்லவில்லை.

ஊருக்கு எழுதிய கடிதங்களில் ட்ராம், குளிர், மொச்சை எல்லாம் இருந்தன. சனிக்கிழமைகள் இல்லை. நேரில் சொல்ல வேண்டிய விஷயம் என்று வழியெல்லாம் வார்த்தை கூட்டிக்கொண்டு வந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. பெட்டியைத் திறந்து அம்மா என் கோட்டை உதறினார். உதறின கை நின்றது. கோட்டை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏய்யா, இது மருந்து வாடைல்ல?"

முத்துவும் அருகில் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்: மேசை, மூடி, ஐந்து குண்டு. முடித்ததும் அம்மா கேட்டார்.

"செருப்பக் கழட்டுனியா?"

"கழட்டுனேம்மா."

கம்பளிச் செருப்பை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் திருப்பினார். அலுமினியப் பொடி ஏறி வெள்ளி பூத்த கட்டைவிரலால், குதிகாலிலிருந்து நுனி வரை, தையல் தையலாகத் தடவிப் பார்த்தார். இரண்டாவதையும் பார்த்தார்.

"ஆணி இல்ல" என்றார். முத்துவிடம் நீட்டினார். அவனும் நல்ல கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

"இனிமே வேண்டாம், என்ன?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கோட்டை அடுப்பிலிருந்து தள்ளிக் கொல்லைக் கொடியில் போட எழுந்தார். வாசற்படியில் நின்று திரும்பினார்.

"அந்தப் பிள்ளைக்குச் சேவு போட்டு அனுப்புவோம். காரம் கம்மியா."